மாமா எஞ்சினை உடைத்த கதை

எங்கள் குடும்பத்தில் சின்ன மாமாவைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. கதை என்றால் ஒரே வசனம்தான்: "அவன் குடிச்சிட்டுக் கப்பல் எஞ்சினை உடைச்சவன்." யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கலியாண வீடு, அந்தியேட்டி, பிறந்தநாள் என்று எங்கே கூடினாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னர் மச்சான் ஒருவன் செக்கன்ட் ஹான்ட் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி வந்தபோது, "பாத்தடா, சின்ன மாமா மாதிரி எஞ்சினை உடைச்சுப்போடாத" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா இரண்டு கதிரை தள்ளித்தான் இருந்தார். அவரும் சிரித்தார்.

அந்த வசனத்தைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்குக் கொஞ்சம் கப்பல் எஞ்சின் பற்றியும் புரொபெல்லர் பற்றியும் பேசவேண்டி வரும். பயப்படவேண்டாம். நான் கலைப்பீடம். ஓ/எல்லில் விஞ்ஞானத்துக்கு 'சி' எடுத்த ஆள். எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

கம்பஸில் ஒரு பாடத்துக்கு, தொழிலாளி ஒருவரோடு கதைத்து அவருடைய வேலையைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள். சிநேகிதிகள் எல்லாம் மலையகம், சுதந்திர வர்த்தக வலயம் என்று கிளம்பினார்கள். எனக்குப் பஞ்சி. வெள்ளவத்தையில் மட்டக்குளி 155 இல் ஏறினால் கொட்டாஞ்சேனையில் மாமா இருக்கிறார், மாமி சோறும் தருவா என்றுதான் போனேன்.

மாமா இருப்பது ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில். கீழே வாசலில் எப்போதும் இரண்டு மூன்று ஜெனரேட்டர்கள் கழற்றிக் கிடக்கும். பஞ்சிகாவத்தையில் சாமான் தேடி வாங்கி வந்து திருத்திக் கொடுப்பார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது தொடங்கிய தொழில்.

"எந்த வேலையைப் பற்றிக் கேக்கப் போறாய் பிள்ளை? இதோ, அதோ?"

"அது" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு சீஆர் கொப்பியோடு வந்தார். மட்டையில் எண்ணெய் பட்ட விரல் அடையாளம். உள்ளே முழுக்க இலக்கங்கள்.

"வாசிக்க முதல் ஒண்டை விளங்கிக்கொள். கப்பலுக்கு கியர் இல்லை."

அது எனக்குப் புதினமாக இருந்தது. பெரிய சரக்குக் கப்பல்களில் பெரும்பாலும் மெதுவாகச் சுற்றும் டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின்தான் இருக்கும். மாடி வீடு அளவு உயரம். அதிலிருந்து ஒரு நீளமான தண்டு நேரே பின்பக்கம் போய்த் தண்ணீருக்குள் இருக்கிற புரொபெல்லரோடு சேரும். நடுவில் கியர்ப்பெட்டி கிடையாது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் புரொபெல்லரும் ஒரு சுற்று. அதுவும் நிமிடத்துக்கு நூறு சொச்சம் சுற்றுத்தான். 2006 இல் ஓடத் தொடங்கிய எம்மா மேர்ஸ்க் என்ற கொன்டெய்னர் கப்பலுக்கு 14 சிலிண்டர், புரொபெல்லர் மட்டும் கிட்டத்தட்ட 130 தொன். அதுகூட நிமிடத்துக்கு 100 சுற்றை ஒட்டித்தான் சுற்றும். மச்சானுடைய மோட்டார் சைக்கிள் சும்மா நிற்கும்போதே ஆயிரத்துக்கு மேல் சுற்றுகிறது.

"லூசியா கோயிலடி ஏத்தத்தில மூண்டு பேரை ஏத்தின ஓட்டோ என்ன செய்யும்?"

"கியரைக் குறைப்பார்."

"குறைக்காம டொப்பிலேயே ஏத்தினா?"

"இழுக்காது. அடிக்கும்."

"ஓம். கப்பல் முழு நாளும் டொப்பிலதான். ஏத்தம் வந்தாலும் டொப்பிலதான்."

கடலில் ஏற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதுதான் பாடத்தின் இரண்டாவது பகுதி.

கப்பலுக்கு ஏற்றம் மூன்று மாதிரி வரும் என்றார். ஒன்று, எதிர்க்காற்றும் அலையும். இரண்டு, ஆழம் குறைந்த தண்ணீர். மூன்றாவது கப்பலுடைய சொந்த உடம்பு. அடிப்பாகத்தில் முதலில் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பு ஒன்று படியும். பிறகு பாசி. பிறகு சிப்பி மாதிரி ஒட்டிக்கொண்டு வளர்கிற பார்னக்கிள். புரொபெல்லரின் இதழ்களிலும் இதே கதை. அடி சொரசொரப்பாகிவிட்டால் தண்ணீர் கப்பலைப் பிடித்து இழுக்கிறது. வெறும் வழவழப்பே போதும். அரை மில்லிமீற்றர் தடிப்பில் அடிப்பாகத்தின் பாதியை மூடினாலே, அதே வேகத்தில் போவதற்கு ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக எரிபொருள் எரிக்கவேண்டி வரும்.

எஞ்சினுக்கு அப்போது என்ன நடக்கிறது? கப்பல் மெதுவாகும்போது புரொபெல்லருக்கு வந்து சேரும் தண்ணீரும் மெதுவாகிறது. ஒவ்வோர் இதழும் தண்ணீரைக் கூடிய சரிவில் வெட்டவேண்டி வரும். அதே 100 சுற்றுக்கு முன்னரைவிடக் கூடுதலான முறுக்கு விசை தேவைப்படும். எஞ்சினில் கவர்னர் என்று ஒரு சாமான் இருக்கிறது. சுற்று குறையாமல் பார்ப்பதுதான் அதனுடைய வேலை. "நூறு" என்று சொல்லி வைத்தால் எப்பாடு பட்டாவது நூறைக் காப்பாற்றும். எப்படி? கூட டீசலை ஊற்றித்தான்.

ஆனால் டீசல் எரியக் காற்றும் வேண்டும். காற்றைத் தள்ளுவது டேர்போசார்ஜர். சுற்று கூடினால் காற்று தாராளமாக வரும். சுற்று அதே அளவில் நிற்க டீசல் மட்டும் ஏறினால் காற்று காணாது. டீசல் ஒழுங்காக எரியாது. புகைபோக்கியில் கறுப்புப் புகை. வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும். அந்த வெப்பத்தில் எக்ஸோஸ்ட் வால்வு கருகும், பிஸ்டனில் கரி படியும், லைனர் தேயும். இதைத்தான் ஓவர்லோட் என்பது. யாரோ கைப்பிடியை முழுக்கத் தள்ளினால் வருவதுதான் ஓவர்லோட் என்று நான் நினைத்திருந்தேன். கைப்பிடியை ஒருத்தரும் தொடாமலே அது வரும்.

இதை யோசித்துத்தான் கப்பலைக் கட்டுகிறவர்கள் இடம் விட்டுக் கட்டுவார்கள். அலைக்கும் காற்றுக்கும் என்று வழமையாக 15 சதவீதம் போலக் கூடுதல் வலு வைப்பார்கள். புது அடியோடு இருக்கும்போது புரொபெல்லர் கொஞ்சம் இலேசாகவே சுற்றுகிற மாதிரி அதை வடிவமைப்பார்கள். பிற்காலத்தில் அடி அழுக்காகும் என்று தெரிந்தே விடுகிற இடைவெளி அது. சோதனைக்காக எஞ்சினை 110 சதவீதம் ஓட்டலாம். ஆனால் 12 மணித்தியாலத்தில் 1 மணித்தியாலம் மட்டும்.

"சுற்றைக் குறைச்சா?" என்று கேட்டேன்.

மாமாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் வெளித்தது. அவருக்குப் பிடித்த கணக்கு இது போல. புரொபெல்லர் கேட்கும் வலு, சுற்றின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறி இறங்கும். சுற்றை 10 சதவீதம் கூட்டினால் வலு 33 சதவீதம் கூடும். 100 சுற்றை 92 ஆக்கினால், இழப்பது 8 சதவீதச் சுற்று, மிச்சமாவது 22 சதவீத வலு. "எட்டைக் குடுத்து இருபத்திரெண்டை வாங்கலாம். உலகத்தில வேற எந்தக் கடையில இப்பிடிக் கிடைக்கும்?" 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கப்பல் கொம்பனிகள் வேண்டுமென்றே மெதுவாக ஓடத் தொடங்கியதன் காரணமும் இதுதான்.

இனி அழுக்கு எப்போது படிகிறது என்ற கேள்வி. ஓடும்போது குறைவு. நிற்கும்போதுதான்.

முந்தி டி.பி.டி. என்ற தகரம் கலந்த சேர்மத்தை அடிப் பெயின்ட்டில் போட்டார்கள். ஒன்றும் ஒட்டாது. ஆனால் அந்த நஞ்சினால் துறைமுகங்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளரத் தொடங்கியது. உலகம் கூடி அதைத் தடைசெய்தது. சமவாயம் 2008 செப்டெம்பர் 17 இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது இருக்கிற பெயின்ட்டுகளில் பலவற்றுக்குக் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். தண்ணீர் உரசினால்தான் அவை வேலை செய்யும். சூடான கடலில் வாரக்கணக்கில் நங்கூரம் போட்டு நின்றால் அந்தப் பெயின்ட்டும் கைவிட்டுவிடும். பிறகு சுழியோடிகளைக் கூப்பிட்டுச் சுரண்டவேண்டும், அல்லது உலர்துறைக்கு ஏற்றவேண்டும். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், துறைமுகத்துக்குள் இருக்கிற கொழும்பு டொக்யார்ட்டின் பெரிய உலர்துறையில் 125,000 தொன் வரையான கப்பலை ஏற்றலாம். தண்ணீரை வடித்துவிட்டு அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, புரொபெல்லரையும் மினுக்கி விடுவார்கள்.

வெள்ளவத்தை ஆட்களுக்குக் கப்பல் நிற்கிறது புதினமில்லை. பின்னேரம் ரயில் தண்டவாளத்தைக் கடந்து கல்லுகளில் போய் இருந்தால் வடக்குப் பக்கத்தில் துறைமுகத்துக்கு வெளியே வரிசையாக நிற்பவை தெரியும். 2022 இல் அதில் ஒன்றை நாடே எண்ணிக்கொண்டிருந்தது. பெற்றோல் ஏற்றிய கப்பல் ஒன்று மார்ச் 28 இலிருந்து எங்கள் கடலில் நிற்கிறது, காசு கட்ட டொலர் இல்லை என்று மே நடுப்பகுதியில் எரிசக்தி அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். கீழே காலி வீதியில் பெற்றோல் கியூ. மேலே கடலில் கப்பலுடைய கியூ. அப்பா கியூவில் நிற்க நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன். நிற்கிற கப்பலுக்கு என்ன நடக்கும் என்று அப்போது ஒருநாளும் யோசிக்கவில்லை. நின்றால் நிற்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். 2024 இல் செங்கடலுக்குப் பயந்து கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போன நேரம் கொழும்பிலும் நெரிசல். அப்போதும் கடலில் நின்றன. அப்போதும் யோசிக்கவில்லை.

சரி. இப்போது கொப்பி.

2020. மாமா ஒரு பழைய பல்க் கேரியரில் செக்கன்ட் எஞ்சினியர். கப்பலில் மெயின் எஞ்சின் அவருடைய பொறுப்பு. கொரோனா. சரக்கு இல்லாமல், ஓடரும் இல்லாமல், மலாக்கா நீரிணைக்குப் பக்கத்தில் ஏழு கிழமை நங்கூரத்தில் நின்றார்கள். அவருடைய கொன்ட்ராக்ட் எப்போதோ முடிந்திருந்தது. 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழில் சமவாயத்தின்படி ஒருவரைத் தொடர்ச்சியாக 12 மாதம் கப்பலில் வைத்திருக்கக் கூடாது. மாமா 13 ஆவது மாதத்தில் இருந்தார். எந்தத் துறைமுகமும் ஆளை இறக்க விடவில்லை. அந்த வருடக் கடைசியில் உலகம் முழுக்க 4 லட்சம் கடலோடிகள் இப்படிக் கொன்ட்ராக்ட் முடிந்தும் கப்பலிலேயே மாட்டுப்பட்டிருந்தார்கள்.

ஜூலை தொடக்கத்தில் சரக்கு கிடைத்தது. மேற்கே போகவேண்டும். இலங்கைக்குத் தெற்காலே போய் அரபிக்கடலைக் கடக்கவேண்டும். ஜூலை என்றால் அங்கே சோளகம் உச்சத்தில் நிற்கிற நேரம். காற்றும் அலையும் நேர் முகத்துக்கு. வெளிக்கிட முதல் அடியைச் சுரண்டச் சுழியோடிகள் கேட்டார்கள். லொக்டவுன், ஆள் இல்லை, நேரமும் இல்லை என்று பதில் வந்தது.

கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஒரு வரி. அவர் எனக்கு வாசிக்கக் காட்டித்தந்தார். அந்தக் கப்பலின் புரொபெல்லர் ஒரு சுற்றில் 4 மீற்றர் முன்னுக்குப் போகவேண்டும். அது கணக்குக்கு, அதாவது தண்ணீர் மரம் மாதிரி இறுகி இருந்து, புரொபெல்லர் ஆணி மாதிரித் திருகிப் போனால். நிமிடத்துக்கு 100 சுற்று, ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். பெருக்கினால் 576 கிலோமீற்றர், அதாவது 311 கடல் மைல். ஆனால் தண்ணீர் வழுக்கும். சுத்தமான அடியோடு, நல்ல கடலில், அந்தக் கப்பல் 280 மைல் போகும். வழுக்கினது 10 சதவீதம். இதை ஸ்லிப் என்பார்கள்.

ஜூலை 8: 244. ஜூலை 9: 241. ஜூலை 11: 233. ஸ்லிப் 25 சதவீதம். நாலு சுற்றில் ஒரு சுற்று வீண். பக்கத்தில் ஆறு சிலிண்டருக்கும் ஆறு வெப்பநிலை. நான்காவது சிலிண்டரில் 402, 417, 429, 438.

"438 கூடவா?"

"அந்த எஞ்சினுக்குக் கூட."

"அப்ப ஏன் குறைக்கேல்ல? எட்டுக்கு இருபத்திரெண்டு?"

மாமா கொப்பியை என்னிடமிருந்து வாங்கினார். மூடிவிட்டு மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். நான் போனில் ரெக்கோட் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கப்பலை வாடகைக்கு எடுத்தவன் நாள் வாடகை கட்டுகிறான். இவ்வளவு வேகம், இவ்வளவு எரிபொருள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அது இல்லாவிட்டால் காசைத் திருப்பிக் கேட்பான். கடல் மோசம் என்று காட்டினால் அந்த நாளைக் கணக்கில் எடுக்க முடியாது. ஆனால் அடி அழுக்கு என்றால் அது கப்பல்காரனுடைய பிழை. அதனால் ஒபிஸிலிருந்து ஒவ்வொரு நாளும் மெயில்: வேகம் ஏன் குறைவு? சுற்றை இறக்கவேண்டாம். மாமா சீஃப் எஞ்சினியரிடம் போய் 92 க்கு இறக்குவோம் என்றார். சீஃப் சொன்னது: "இந்த நம்பரை அனுப்பினால், எஞ்சினை நீங்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றுதான் கேட்பார்கள். குறைத்து எழுது."

"நீங்கள் எழுதினீங்களா மாமா?"

"எழுதினன். லோக் புக்கில 405 எண்டு எழுதினன். உண்மையான நம்பரை இதில எழுதினன்."

"சீஃப் சொன்னதால?"

இதற்குப் பதில் சொல்ல அவருக்குக் கனநேரம் எடுத்தது. கீழே யாரோ ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். பொறுக்கச் சொன்னார்.

"அப்பிடிச் சொல்லிக்கொண்டு இருந்தனான் கனகாலம். ஆனா அது முழு உண்மை இல்லை. போற துறைமுகத்தில ஆள் மாத்த விடுவாங்கள் எண்டு கதை வந்தது. திகதி குடுத்திருந்தாங்கள். தொண்ணூத்திரெண்டில போனா ரெண்டு நாள் பிந்தும். பிந்தினா அந்தச் சான்ஸ் போயிடும் எண்டு எல்லாருக்கும் பயம். எனக்கும் வீட்ட வரவேணும் போல இருந்தது பிள்ளை. கொம்பனி கேட்ட வேகம்தான் எனக்கும் வேண்டிக் கிடந்தது."

ஜூலை 14 பின்னேரம் டேர்போசார்ஜர் இருமத் தொடங்கியது. அவர் பாவித்த சொல் அது: இருமல். இரவு நான்காவது சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வு போய்விட்டது. எஞ்சினை நிற்பாட்டவேண்டியதாகிவிட்டது. எஞ்சின் நின்ற கப்பல் அலைக்குக் குறுக்காகத் திரும்பி உருளத் தொடங்கும். அந்த உருளலில், கிட்டத்தட்ட ஒரு தொன் பாரமான வால்வைச் செயின் புளொக்கில் தூக்கிக் கழற்றிப் புதியதைப் போட்டார்கள். 11 மணித்தியாலம். அதற்குள் ஒருமுறை வால்வு ஊஞ்சல் மாதிரி ஆடிவிட்டது. பிடித்துக்கொண்டு நின்றது ஃபோர்த் எஞ்சினியர், வேறு நாட்டுப் பெடியன், அவனுடைய முதலாவது கொன்ட்ராக்ட். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

அவனுக்கு அப்போது 23 வயது. எனக்கு இப்போது 23.

அடுத்த துறைமுகத்தில் மாமாவை இறக்கினார்கள். அவர் கேட்ட மாதிரியே வீட்டுக்கு வந்தார். கொம்பனி றிப்போர்ட்டில் பராமரிப்புக் கவனக்குறைவு என்று இருந்தது. லோக் புக்கில் 405 தானே இருந்தது. 405 இல் ஓடிய எஞ்சினில் வால்வு கருகினால் பிழை எஞ்சினைப் பார்த்தவருடையதுதான். அவர் கையாலேயே எழுதிக் கொடுத்த சாட்சி. அதற்குப் பிறகு எந்த ஏஜென்சியும் கூப்பிடவில்லை. வந்த புதிதில் கொஞ்சக்காலம் குடித்தார், அது உண்மை. அதாவது எங்கள் குடும்பக் கதையில் இரண்டு விஷயமும் உண்மை. வரிசைதான் பிழை.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல?"

"என்னத்தைச் சொல்ல? ஸ்லிப் 25 எண்டா? குடிச்சான், உடைச்சான் எண்டா எல்லாருக்கும் உடனே விளங்குது."

நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவரை நல்லவராகக் காட்டி எழுதுவது லேசு. ஒபிஸ் கெட்டது, மாமா பாவம் என்று முடித்தால் அசைன்மென்ட்டுக்கு 'ஏ' கூட வரும். ஆனால் அவரே அப்படிச் சொல்லவில்லை. ஏழு கிழமை நிற்க விட்டது ஒருவர். சுழியோடி இல்லை என்றது இன்னொருவர். வேகத்தைக் கேட்டது வேறொருவர். குறைத்து எழுதச் சொன்னது சீஃப். எழுதியது மாமா. எஞ்சின் மட்டும்தான் ஆறு சிலிண்டரிலும் உள்ளதை உள்ளபடி காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர் இருந்தார், சரியாக விளங்கியும் கொண்டார். அந்த நம்பர் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

இப்போது புதுக் கப்பல்களில் தண்டிலேயே சென்சர் பூட்டி, முறுக்கு விசையை நேரே கரைக்கு அனுப்புகிறார்கள். 2023 ஜனவரி 1 இலிருந்து கப்பல்கள் எவ்வளவு காபன் விடுகின்றன என்று பார்த்து வருடா வருடம் 'ஏ' தொடக்கம் 'ஈ' வரை தரமும் போடுகிறார்கள், எங்களுக்குப் போடுகிற மாதிரி. அடி அழுக்காக ஓடினால் தரம் இறங்கும். அதனால் இனிமேல் பொய் எழுதுவது கஷ்டம்தானே என்று மாமாவிடம் கேட்டேன். "நம்பர் போகும். போற இடத்தில வாசிக்கிறவனுக்கும் ஒரு அவசரம் இருக்கும்" என்றார்.

கொப்பியில் சில பக்கங்களைப் போனில் படம் எடுத்துவந்தேன். மாமாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். இரவு அம்மாவிடம் காட்டி, கியர் இல்லாததிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு மூன்றாம் அடுக்கு விளங்கவில்லை. ஆனால் ஜூலை 9 பக்கத்தைக் கண்டதும் போனை என்னிடமிருந்து பறித்தா.

அந்த நாள் எங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. நான் ஏ/எல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவிடமிருந்து திடீரென்று கோல் வந்தது. கப்பல் தேவேந்திரமுனைக்குத் தெற்காலே போய்க்கொண்டிருந்தது. இருபது நிமிடம் போல எங்கள் நாட்டுச் சிக்னல் கிடைத்தது. கரையில் வெளிச்சம் தெரியுதக்கா என்றார். எப்ப வருவாய் என்று அம்மா கேட்டா. வாற மாசம், எஞ்சின் கொஞ்சம் சூடாக் கிடக்கு, வேற ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். பிறகு கட்டாகிவிட்டது.

கொப்பியில் அந்த நாளின் வரி: 241 மைல், ஸ்லிப் 22.5, நாலாம் சிலிண்டர் 417. அதற்குப் பக்கத்தில், இலக்கங்களின் அதே சின்ன எழுத்தில், "அக்காவோட கதைச்சன்."

அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. பிறகு கேட்டா: "அந்தப் பெடியன் இப்ப எங்க?"

அது எனக்குத் தெரியாது. மாமாவிடம் கேட்க வாய் வரவில்லை. "நீங்களே கேளுங்கோவன்" என்றேன். நேரம் பத்தைத் தாண்டியிருந்தது. அம்மா அப்போதே எடுத்தா. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணித்தியாலம் கதைத்தா. என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வரும்போது கண் சிவந்திருந்தது. "ஞாயிற்றுக்கிழமை அவையள் ரெண்டு பேரும் சாப்பிட வருவினம், மச்சான்மாரையும் வரச் சொல்லு" என்றா.

ஞாயிற்றுக்கிழமை அந்த மோட்டார் சைக்கிள் மச்சானும் வருவான். எல்லோரும் இருக்கும்போது, முன்னர் சொன்ன அதே ஹோலில், நான் சொன்ன வசனத்தைத் திருப்பி எடுக்கப்போகிறேன். எப்படித் தொடங்குவது என்று இன்னும் யோசித்து முடியவில்லை. கப்பலுக்கு கியர் இல்லை என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும் போல இருக்கிறது.